கொடுமுடி கோகிலம் கே.பி.சுந்தராம்பாள்

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்புகிற இடத்தில் அமைந்த ஊர் கொடுமுடி. சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயப் பதிகம் பாடிய பாண்டிக்கொடுமுடி என்னும் பாடல் பெற்ற தலம் இதுவே. அன்று கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அந்த ஆற்றங்கரை ஊரில், 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பாலாம்பாள் என்னும் ஏழைத் தாய்க்கு மகளாகப் பிறந்தவர் சுந்தராம்பாள். அவர் பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகளுள் ஒன்று ஊருக்கு உரியது. மற்றொன்று தாய்க்கு உரியது. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்வதே முறை என்றிருந்த நாட்டில், தாயின் பெயரைச் சுமந்துகொண்டே அவர் மேடை ஏறினார். சட்ட மேலவைக்கும் அந்தப் பெயரோடுதான் சென்றார்.

இளமை வறுமையில் கழிந்தது. தம்பி, தங்கையரோடு கூடிய குடும்பத்தின் பசியை ஆற்றும் பொறுப்பு, பள்ளியில் இருக்க வேண்டிய வயதிலேயே அவர் தலையில் விழுந்தது. கையிலிருந்த ஒரே முதல் குரல். அச்சிறுமி இரயில் வண்டியில் பாடிக்கொண்டிருந்தபோது, இரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எப்.ஜி.நடேச ஐயர் கேட்டு வியந்தார் என்றும், அவர் வழியாகவே நாடகக் கம்பெனியின் கதவு திறந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வேலு நாயர் குழுவில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக அவர் முதலில் நடித்தார் என்பதும் அவ்வாறு வழங்கும் செய்தியே. பசியை அறிந்த குழந்தைக்குப் பசித்த குழந்தையின் வேடம் கிடைத்தது. நடிப்புப் பயிற்சி தேவைப்பட்டிராது.

அந்நாளைய மேடையைப் பற்றிச் சிறிது சொல்லாமல் அம்மையாரின் குரலை விளக்க இயலாது. ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் குடியானவர் செவிக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் சென்று சேர வேண்டும். எட்டாத குரலுக்கு மறுநாள் அழைப்பு இராது. ஆகவே நடிகர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள். அதிலும் ஸ்பெஷல் நாடகம் என்று வழங்கிய முறை தனித்தன்மை உடையது. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்ட நடிகர்கள் அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எஞ்சியதெல்லாம் அந்த நேரத்துக் கற்பனையே. வள்ளி திருமணத்தில் வேடனாக வரும் முருகனும் தினைப்புனம் காக்கும் வள்ளியும் விடியும்வரை பாட்டால் வழக்காடுவார்கள். ஒருவர் விருத்தம் ஒன்றை ஓர் இராகத்தில் விரித்தால் அடுத்தவர் அதே இராகத்தில் மறுமொழி தர வேண்டும். தோற்றவர் யார் என்பதைச் சபையின் கைதட்டலே சொல்லிவிடும். இசையும் சொல்லும் சமயோசிதமும் ஒருங்கே கைவராத எவரும் அங்கு ஓராண்டு தாக்குப்பிடித்ததில்லை. சுந்தராம்பாளுக்கு அதுவே பள்ளி. தமிழ்ச் சொல்லைச் சிதைக்காமல், வல்லினத்தை மெல்லினமாக்காமல், ழகரத்தை விழுங்காமல் எந்த உச்சத்திலும் ஏற்றிப் பாடும் திறம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது. கவிஞர்கள் அவரை நன்றியோடு நினைக்கக் காரணம் இதுவே. அவர் பாடிய பாட்டுக்கு அச்சிட்ட பாட்டுப் புத்தகம் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டு நாடகக் குழுக்களுக்கு அந்நாளில் இலங்கை இன்னொரு தாயகமாக இருந்தது. கொழும்பு நகரில் தமிழ் நாடகங்களுக்குப் பெருங்கூட்டம் கூடியது. இளம் வயதிலேயே அங்குச் சென்று புகழ் ஈட்டிய சுந்தராம்பாளை, 1926ஆம் ஆண்டு, அதே கொழும்பு மேடையில் ஒருவர் எதிர்கொண்டார். செங்கோட்டை கங்காதர ஐயரின் மகன் எஸ்.ஜி.கிட்டப்பா. அவருக்கு அப்போது இருபது வயது. கன்னையா கம்பெனியின் பிரம்மாண்டமான நாடகங்களில் நடித்து, தமிழகம் எங்கும் பெயர் பரவியிருந்த இசைச் சிங்கம். முறையாகப் பெரிய குருகுலத்தில் பயிலாமலே, சங்கீத வித்துவான்கள் நாடகக் கொட்டகையைத் தேடிவந்து கேட்கும்படி பாடியவர். ஆண் குரல் தொட அஞ்சும் உயரத்தில் அவர் குரல் இயல்பாக உலவியது. அதனால் இருவரும் ஒரே சுருதியில் நின்று பாட முடிந்தது. ஆணுக்காகப் பெண் இறங்கவோ, பெண்ணுக்காக ஆண் திணறவோ வேண்டியிருக்கவில்லை. அந்த இணையின் வெற்றிக்குப் பலரும் பல காரணம் சொல்வர். இந்த ஒன்றே தலையாயது என்று தோன்றுகிறது. மேடையில் நடந்த போட்டி மேடைக்கு வெளியே அன்பாயிற்று. 1927இல் மாயவரத்தில் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

கிட்டப்பாவுக்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. செங்கோட்டையில் மனைவி இருந்தார். குலமும் வேறு. நாடகக்காரப் பெண்ணை ஊரார் எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதை இங்கு எழுத வேண்டியதில்லை. சேர்ந்து நடித்த இரவுகளில் கொட்டகை நிறைந்தது, வருவாய் குவிந்தது, இசைத்தட்டுகள் வீடுதோறும் ஒலித்தன. ஆயினும் இல்வாழ்க்கை அமைதியாக அமையவில்லை. பிரிவும் கூடலும் மாறிமாறி வந்தன. இருவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து பிற்காலத்தில் அச்சேறியது. ஊடல், ஐயம், மன்றாட்டு, மன்னிப்பு எல்லாம் அதில் உண்டு. மேடையில் எவருக்கும் பணியாமல் பாடிய பெண், காகிதத்தில் கெஞ்சி நிற்பதைப் படிக்கையில் மனம் கனக்கிறது. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை.

கிட்டப்பாவின் உடல்நலம் குடிப்பழக்கத்தாலும் ஓயாத உழைப்பாலும் சீர்குலைந்தது. 1933இல் திருவாரூர் மேடையில் நடித்துக்கொண்டிருந்தபோதே அவர் மயங்கி விழுந்தார் என்பர். அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். வயது 27. தமிழ்ப் பேசும்படம் தோன்றி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. ஒரு படத்திலேனும் அவர் நடித்திருக்கவில்லை. ஆதலால் அந்த முகம் அசைவதையும் அந்த நடை மேடையைக் கடப்பதையும் பின்வந்தவர் எவரும் கண்டதில்லை. மூன்று நிமிடத் தட்டுகளில் அடங்கிய குரல் ஒன்றே மிஞ்சியது.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அன்று அவர் நகைகளைக் கழற்றினார்; வண்ணச் சேலையைத் துறந்தார். வெண்ணிறக் கதராடை, நெற்றி நிறைந்த திருநீறு, கழுத்தில் உருத்திராக்கம் என்னும் கோலத்தை மேற்கொண்டார். எந்த ஆணோடும் இனி இணையாக நடிப்பதில்லை என்று உறுதிபூண்டார். இதனைக் கைம்மை நோன்பு என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. பழைய வழக்கத்துக்கு அவர் பணிந்துவிட்டார் என்று குறைகூறியவர்களும் உண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவரை மனைவி என்று ஒப்புக்கொள்ள ஊரில் பலருக்கு மனமில்லாதிருந்தது. நாடகத்தில் நேர்ந்த தொடர்பு, நாடகத்தோடு முடிந்தது என்று சொல்லிவிட அவர்கள் காத்திருந்தார்கள். வெள்ளாடை உடுத்தியதன் மூலம், தாம் கிட்டப்பாவின் மனைவியே என்பதை எவரிடமும் வாதாடாமல் அவர் நிலைநாட்டிவிட்டார். மறுக்க நினைத்தவர்களும் அந்த உடைக்கு முன் வாய்திறக்க முடியவில்லை. வழக்கம் அவருக்கு விலங்காக இருந்ததா, ஆயுதமாக இருந்ததா என்பதை ஒரே சொல்லில் தீர்த்துவிட முடியாது.

வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தவரைப் பொதுவாழ்வுக்கு அழைத்துவந்ததில் தேசிய இயக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சத்தியமூர்த்தி தாமே நாடகங்களில் நடித்தவர். நாடகக்காரர்களை இழிவாகப் பேசிய தம் கட்சியினரிடையே, அவர்களின் குரலுக்குள்ள வலிமையை உணர்ந்தவர். காந்தியடிகள் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தில் கொடுமுடிக்கு வந்து அம்மையார் இல்லத்தில் உணவருந்தினார் என்றும், பொற்கலத்தில் உணவு படைத்தபோது அந்தக் கலத்தையும் பொதுநிதிக்காகக் கேட்டுப் பெற்றுக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. காந்தியைப் பற்றி அவர் பாடிய இசைத்தட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் ஊர் ஊராகச் சென்று காங்கிரஸ் மேடைகளில் பாடினார். பேச்சாளர் வருமுன் கூட்டத்தைச் சேர்ப்பதற்கு ஒரு பாட்டு, கலையாமல் வைத்திருப்பதற்கு மறுபாட்டு என்று தொடங்கிய வழக்கம் பிறகு தமிழக அரசியலில் எவ்வளவு தூரம் வளர்ந்தது என்பதை எல்லோரும் அறிவர்.

திரைப்படத்துறை அவரைத் தேடி வந்தது. நந்தனார் கதையைப் படமாக்க விரும்பிய வடநாட்டு வணிகர் அசன்தாஸ் அவரை அணுகினார். நடிக்க விருப்பமில்லாத சுந்தராம்பாள், கேட்டவர் திரும்பிப் போகட்டும் என்ற எண்ணத்தில் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் கேட்டார். ஒரு முழுப் படத்தையே அதற்கும் குறைந்த செலவில் எடுத்து முடித்த காலம் அது. வந்தவரோ ஒப்புக்கொண்டுவிட்டார். சொன்ன சொல்லைக் காக்க வேண்டியதாயிற்று. 1935இல் வெளிவந்த பக்த நந்தனாரில் அவர் நந்தனாராக ஆண்வேடம் பூண்டார். வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆணோடு இணைந்து நடிப்பதில்லை என்ற உறுதியைக் காக்க, ஆணாகவே நடிப்பது ஒரு வழியாயிற்று.

படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமரிசனம் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. படத்தில் நன்றாக நடித்தவை ஒரு மரமும் எருமையும் ஆட்டுக்குட்டியுமே என்னும் பொருள்பட அவர் நகையாடியிருந்தார். கல்கியின் நகைச்சுவை சுவையானதுதான். எனினும், கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பயின்ற உடலும் குரலும் ஒரு முழ தூரத்தில் நிற்கும் காமிராவின் முன்னே திகைத்து நின்றன என்பதை அது கருதிப் பார்க்கவில்லை. அந்தத் திகைப்பு அம்மையார் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. மேடையிலிருந்து திரைக்கு வந்த தலைமுறை முழுவதும் அதைக் கடந்தே வந்தது.

அதன்பின் அவர் நடித்த படங்களின் ஆண்டுகளை நோக்கினால் வியப்பாயிருக்கும். 1940இல் மணிமேகலை. பிறகு பதின்மூன்று ஆண்டுகள் படமே இல்லை. 1953இல் ஔவையார். மீண்டும் பதினோராண்டு இடைவெளி. 1964இல் பூம்புகார். புகழும் பொருளும் காத்திருக்க, இவ்வளவு நீண்ட காலம் வாளாவிருந்த நட்சத்திரம் வேறொருவர் இருப்பாரா என்பது ஐயமே. இடைப்பட்ட காலத்தில் அவர் கச்சேரி செய்தார். கோயில் விழாக்களில் பாடினார். தமிழிசை மேடைகளை அணிசெய்தார். மங்கல நிகழ்ச்சிகளில் வெள்ளாடைப் பெண் எதிர்ப்படலாகாது என்று ஒதுக்கிய அதே சமுதாயம், திருவிழாவில் அவர் பாட வேண்டும் என்று வண்டி கட்டி அழைத்துச் சென்றது. இந்த முரண்பாட்டை அவர் எங்கும் சுட்டிக்காட்டியதில்லை. பாடிவிட்டு வந்தார்.

அவர் ஏற்ற வேடங்களில் ஓர் ஒழுங்கு உண்டு. மணிமேகலை காதலைத் துறந்து அமுதசுரபி ஏந்தியவள். ஔவை இளமை வேண்டாமென்று முதுமையைக் கேட்டுப் பெற்றவள். கவுந்தி அடிகள் சமணத் துறவி. காரைக்கால் அம்மையார் அழகைக் கழற்றி எறிந்து பேயுரு வேண்டியவர். ஆசையைக் கடந்த பெண்களாகத் தேடித் தேடி அவருக்கு அமைந்தனர். அல்லது வேறெந்த வேடத்தையும் அவரிடம் கொண்டுசெல்ல எவருக்கும் துணிவு வரவில்லை. தமிழ் இலக்கியம் படைத்த துறவுப் பெண்களின் வரிசை முழுவதும் ஒரே நடிகையின் முகத்தோடு மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

இவற்றுள் ஔவையாருக்கே முதலிடம். ஜெமினி நிறுவனத்துக்காக எஸ்.எஸ்.வாசன் பெரும்பொருட்செலவில் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படம் அது. இளமை ஔவையாகக் குசலகுமாரி தோன்ற, வரம் வேண்டி முதுமை பெற்றபின் அம்மையார் தோன்றினார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது நிரம்பவில்லை. கூனும் கோலும் தாங்கிய அந்த உருவம் மக்களிடையே எவ்வாறு வேரூன்றியது என்றால், பள்ளி விழாக்களில் ஔவை வேடம் போடும் சிறுமிகள் தாம் அறியாமலே சுந்தராம்பாளின் ஔவையைத்தான் நடித்துக் காட்டுகிறார்கள். சங்க கால ஔவை வேறு, நீதிநூல் ஔவை வேறு என்று ஆராய்ச்சியாளர்கள் எவ்வளவோ எழுதியும், பொதுமக்களுக்கு இன்றளவும் ஔவை ஒருவரே. அவருக்குக் குரலும் ஒன்றே.

1950களில் அவர் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். திரையுலகிலிருந்து இந்தியச் சட்டமன்றம் ஒன்றுக்குச் சென்ற முதற் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவர்.

பூம்புகார் படப்பிடிப்பில் நிகழ்ந்ததாக வழங்கும் செய்தி ஒன்று அவர் இயல்பை நன்கு காட்டும். கதை வசனம் மு.கருணாநிதி. கோவலன் கொலையுண்டபின் கவுந்தி அடிகள் பாடுவதாக அமைந்த பாட்டில், தெய்வம் எங்கே போயிற்று என்று வினவும் அடி இருந்தது. இறைவன் இல்லை என்னும் தொனி வருமானால் தம்மால் பாட இயலாது என்று அம்மையார் மறுத்தார். கருணாநிதி வற்புறுத்தவில்லை, தெய்வம் வந்துவிட்டதாகப் பொருள்படும்படி அந்த அடியைத் திருத்திக் கொடுத்தார். கொள்கையில் எதிரெதிர் நின்ற இருவர், ஒரு சொல்லின் பொருட்டு ஒருவரையொருவர் மதித்து நடந்துகொண்டனர். பாடுபவர் சொல்லின் பொருளை அறிந்து பாடினால் மட்டுமே இப்படி ஒரு தகராறு எழ முடியும். பொருள் அறியாதவருக்கு எந்த அடியும் தடையாக இராது.

அடுத்த ஆண்டு ஏ.பி.நாகராசனின் திருவிளையாடல் வந்தது. கே.வி.மகாதேவன் இசையில், கோபித்துச் செல்லும் முருகனை ஆற்றுப்படுத்தும் ஔவையாக அவர் தோன்றும் பகுதி அளவில் சிறியது. ஆயினும் படம் பார்த்தவர்களின் செவியில் முதலில் நிற்பது அதுவே. ஐம்பத்தேழு வயதிலும் குரல் இறங்கவில்லை. இரவல் குரலில் வாயசைக்கும் வழக்கம் முற்றிலும் நிலைபெற்றுவிட்ட காலத்தில், தாமே பாடித் தாமே நடித்த பழைய மரபின் கடைசிச் சுவடு போல அவர் திரையில் நின்றார். தொடர்ந்து கந்தன் கருணை முதலிய படங்கள் வந்தன. 1969இல் வெளிவந்த சின்னப்பா தேவரின் துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருது ஏற்படுத்தப்பட்டு அது இரண்டாம் ஆண்டு. முதலாண்டு பெற்றவர் பி.சுசீலா. அறுபது கடந்தவர் இளம் பாடகியர் நடுவே அதனைப் பெற்றார். தமிழிசைச் சங்கம் 1966இல் இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. 1970இல் பத்மஸ்ரீ வந்தது. அவருக்கிருந்த புகழை நோக்க இவை காலந்தாழ்ந்தே வந்தன என்று சொல்லத் தோன்றும்.

ஈட்டிய பொருளில் கொடுமுடியை அவர் மறக்கவில்லை. தம் ஊரிலேயே திரையரங்கு ஒன்றைக் கட்டினார். அப்போது முதலமைச்சராயிருந்த கருணாநிதி 1969இல் அதைத் திறந்துவைத்தார். இரயிலில் பாடிப் பிழைத்ததாகச் சொல்லப்படும் சிறுமிக்கு, அந்த இரயில் நிற்கும் ஊரில் சொந்தக் கொட்டகை அமைந்தது.

1973இல் காரைக்கால் அம்மையார். இளமைப் புனிதவதியாக லட்சுமி நடிக்க, பேயுரு பெற்ற அம்மையாராகச் சுந்தராம்பாள் நடித்தார். பெருவேடம் என்று சொல்லத்தக்கவற்றுள் அவர் கடைசியாக ஏற்றது இதுவே. கணவனால் தெய்வமென்று வணங்கி விலக்கப்பட்ட ஒருத்தி, உடம்பை உதறிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்ட கதை. அந்த வேடத்தில் அவர் நடித்தார் என்பதைவிட அமர்ந்துவிட்டார் என்பதே பொருத்தம்.

1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார். கிட்டப்பா போய் நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரோடு மேடையில் நின்ற காலம் ஏழாண்டுதான். இடையில் நாடு விடுதலை பெற்றது; நாடகக் கொட்டகைகள் திரைப்படக் கொட்டகைகளாயின; அரசுகள் மாறின; இசைத்தட்டின் சுழற்சி வேகங்கூட மாறிற்று. அவர் உடுத்திய ஆடையின் நிறம் மட்டும் 1933 டிசம்பரில் இருந்தபடியே இருந்தது.